சின்னு 91 கிராம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

"கிளிங்க எப்படி இருக்கு" என்று நீ போட்ட மெசேஜ் வந்தது. ஒரு வரி கேள்விக்கு மூன்று ராத்திரியாகப் பதில் அடித்துக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதே.

கிளிகள் நன்றாக இருக்கின்றன. முந்தாநாள் மூணாறு செண்டுவரையில் புல்வெளி முழுக்க வெள்ளையாம், டூரிஸ்ட்காரர்கள் விடிவதற்குள் கேமராவோடு போய் நிற்கிறார்கள். நம் வாசலில் அவ்வளவு இல்லை, ஆனாலும் பைக் சீட்டில் பனியை நகத்தால் சுரண்டி எடுத்தேன். கூண்டை ஜன்னல் பக்கத்திலிருந்து எடுத்து உள்சுவர் ஓரமாக உன் படிப்பு மேஜை மேல் வைத்துவிட்டேன். குளிரைக்கூட இதுகள் தாங்கிக்கொள்ளும், இடுக்கில் நுழைகிற காற்றுதான் ஆகாது. கூண்டுக்கு முன்னால் தையல் நூலைத் தொங்கவிட்டு அரை மணி நேரம் பார்த்தேன், ஆடவில்லை. அப்புறம்தான் மனசு ஆறியது.

ராத்திரி மூன்று பக்கமும் அம்மாவின் பழைய பருத்திச் சேலையால் மூடுகிறேன். கம்பளி போடுவதில்லை, நூல் பிரிந்து நகத்தில் மாட்டிக்கொள்ளும். முன்பக்கம் நாலு விரல் அளவுக்குத் திறந்திருக்கும், மூச்சு வேண்டாமா? வெளியே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. கும்மிருட்டாக இருந்தால் நடுராத்திரி ஏதோ சத்தத்துக்கு மிரண்டு கம்பியில் அடித்துக்கொள்கின்றன, முதல் வாரமே அப்பு இறகை முறித்துக்கொண்டான். ரொம்பக் குளிர்ந்தால் வெந்நீர் பையைத் துண்டில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் சாய்த்து வைப்பேன். சூடு பிடிக்காவிட்டால் அதுகளே மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். ரூமில் ஹீட்டரோ அடுப்போ கிடையாது. நீயும் அங்கே எதை எரிய விட்டாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்கு.

தினை போடியிலிருந்து வருகிறது. சூரியகாந்தி விதை நாலைந்து, முருங்கைக்கீரை, வாரம் ஒருநாள் அவித்த முட்டையில் ஒரு துணுக்கு. குளிப்பாட்டுவது மத்தியானம் வெயில் அடித்தால் மட்டும். பக்கத்து வீட்டு அக்கா தன் மரத்துப் பட்டர் ஃப்ரூட் கொண்டுவந்து கொடுத்தார், அம்மா ஒரு கீற்றைக் கூண்டுப் பக்கம் நீட்டப் போக, நான் போட்ட சத்தத்தில் அக்கா பயந்துவிட்டார். நமக்குத்தான் அது சத்து, கிளிக்கு விஷம். நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த நான்-ஸ்டிக் தோசைக்கல்லையும் பரணில் ஏற்றிவிட்டேன். சூடு மீறினால் அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை இதுகளின் நுரையீரலை அடித்துவிடும். இரும்புக்கல்லில் தோசை ஒட்டுகிறது என்று அம்மாவுக்கு என்மேல் கோபம். சாம்பிராணி, கொசுவர்த்தி எல்லாம் கட். கிளி வளர்த்தால் கேஸ் இல்லையா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம்ம ஊர்ப் பச்சைக்கிளிக்குத்தான், இது ஆஸ்திரேலியாக்காரன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

தினமும் காலையில் ஏலக்காய் தராசில் எடை பார்க்கிறேன். தட்டில் ஒரு குச்சியை வைத்தால் சின்னு தானாக ஏறி நிற்கிறாள். இன்றைக்கு அப்பு 96, சின்னு 91. தூங்கும்போது உப்பிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றால் பயமில்லை. பகலிலும் உப்பிக்கொண்டு கூண்டுத் தரையில் உட்கார்ந்தால்தான் ஆபத்து, அதற்குள் பாதி முடிந்திருக்கும். கடைசி வரைக்கும் நோயை வெளியே காட்டாத ஜாதி, எடை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

நீ அனுப்பிய படத்தில் கோட்டுக்கு மேலே கழுத்தெலும்பு தெரிகிறது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எஸ்டேட் லயத்தில் பிறந்த பிள்ளை அயர்லாந்தில் நர்ஸ் என்று டீ பேக்டரியில் கூட வேலை பார்த்தவர்களிடம் இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அதற்காக மாதத்துக்கு ஒரு வரியா? மாப்பிள்ளை பொங்கலுக்கு வருவார் என்று அம்மா முறுக்கு சுட்டு வைத்திருந்தாள். வரவில்லை. வேலை இருந்திருக்கும். நானாக எதுவும் கேட்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. ஜன்னலை இறுக்கி அடைத்துவிட்டுத் தூங்காதே.

தீபாவளி அன்றைக்குப் பேசும்போது "என் கையில எதுவுமே தங்காதுப்பா, அந்த லவ் பேர்ட்ஸ்ல இருந்தே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

2008 ஜனவரி, நீ ஏழாவது. உடுமலை சந்தையில் வாங்கிய ஜோடி. முன்னறை ஜன்னல் கண்ணாடி உடைந்து இரண்டு மாதம் ஆகியும் நான் மாற்றவில்லை, தினமும் நீதான் சாக்கை அடைப்பாய். அன்றைக்குக் குளிர் தாங்காமல் கரிச்சட்டியைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே படுத்தேன். கதவைச் சாத்தி கரி போடாதே என்று அப்பாயி எத்தனை தடவை சொன்னது! பேக்டரியில் டிரையர் அடுப்பு முன்னால் அத்தனை வருஷம் நின்றவனுக்குத் தெரியாதா? கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. நாலு மணிக்குத் தலை பிளக்கிற மாதிரி வலி, தவழ்ந்து போய்க் கதவைத் திறந்து வாசலில் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டும் கூண்டுக்குள் கீழே கிடக்கின்றன.

சட்டியை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் சாக்கை உருவிக் கீழே போட்டேன். நான்தான் போட்டேன் பாப்பா. நீ அதை ஒழுங்காக, ஒரு இடுக்கு இல்லாமல் அடைத்திருந்தாய். விடிந்ததும் "சாக்கை ஒழுங்கா அடைச்சியா, குளிர்லயே செத்துப் போச்சு பாரு" என்று உன்னை அடித்தேன். அப்பாயி என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, ஆனால் உன் முன்னால் மகனைக் காட்டிக்கொடுக்கவில்லை. கோயில் திண்ணைப் பக்கம் நீ தனியாகக் குழி தோண்டினாய். நான் ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் தெரியட்டும்.

மன்னிப்பு கேட்கவா வேண்டாமா என்று இரண்டு தடவை அடித்து அழித்துவிட்டேன்.

விடியப் போகும்போதுதான் குளிர் அதிகம், அதனால் மூன்றரைக்கு எழுந்து கூண்டைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். அங்கே அப்போது ராத்திரி பத்து மணி. போன் பக்கத்திலேயே இருக்கும்.

அப்பா