எச்சில் குழாயும் எங்கள் வீட்டு ரத்தக் கொதிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஒரு விற்பனைக் கூட்டம் நடந்தது. கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர் விரல் நீளக் குழாய் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். இதில் எச்சில் துப்பிக் கொடுத்தால் போதும், உங்களுக்கு ரத்தக் கொதிப்பு வருமா வராதா என்று மரபணுவே சொல்லிவிடும் என்றார். விலை 480 ரிங்கிட், தவணையும் உண்டாம். என் பக்கத்தில் இருந்த அம்மாள் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குபவர். "டிரஸ்ஸரையா, கட்டலாமா?" என்று காதோடு கேட்டார்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் 31 ஆண்டுகள் டிரஸ்ஸராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்தவன் நான். வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். எழுந்து நின்று எல்லாருக்கும் சொல்லக் கூச்சம் தடுத்தது. அதனால்தான் இக்கடிதம்.

அந்த இளைஞர் சொன்னது முழுப் பொய் இல்லை, சங்கடமே அதில்தான். ரத்த அழுத்தம் குடும்பத்தில் ஓடும். ஆளுக்கு ஆள் காணப்படும் அழுத்த வேறுபாட்டில் 30 முதல் 50 விழுக்காடு பரம்பரையால் வருகிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஆனால் அந்தப் பரம்பரை ஒரே மரபணுவில் உட்கார்ந்திருக்கவில்லை. 1950களில் இங்கிலாந்தில் பிளாட், பிக்கரிங் என்ற இரு மருத்துவர்கள் இதை வைத்துக் கடுமையாக மோதிக்கொண்டார்கள். ஒற்றை மரபணுதான் காரணம், நோயாளி வேறு, நலமானவர் வேறு என்பது பிளாட்டின் கட்சி. உயரத்தைப் போலப் பல சிறு காரணங்கள் கூடித்தான் அழுத்தம் அமைகிறது, நடுவில் கோடு கிழிக்க இடமில்லை என்றார் பிக்கரிங். பிக்கரிங்கின் பக்கமே உண்மை நின்றது. இன்று மனித மரபுத்தொகுதியில் ரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய இடங்கள் ஆயிரத்துக்கும் மேல் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றாலும் ஏறுவதோ இறங்குவதோ ஒரு மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் குறைவு. நான் பயன்படுத்திய பழைய பாதரசக் கருவியில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளி 2 மில்லிமீட்டர். தனி மரபணு ஒன்றின் வேலை அந்தக் கருவியில் கண்ணுக்கே தெரியாது.

ஆயிரத்தையும் கூட்டி மதிப்பெண் போடலாமே என்று கேட்பீர்கள். போடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்குக்கு அடிப்படையான ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களுக்குத் தைத்த சட்டை நமக்கு அப்படியே பொருந்தாது. குழாய்க்காரர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒற்றை மரபணுவே அழுத்தத்தை ஏற்றிவிடும் குடும்பங்களும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. லிடில் நோய் என்று ஒன்று, 1963இல் விவரிக்கப்பட்டது. சிறுநீரகம் உப்பை வெளியே விட மறுக்கும், இள வயதிலேயே அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். மிக அரிது. முப்பது வயதுக்கு முன்பே அழுத்தம் உயர்ந்தால் மருத்துவரிடம் அழுத்திக் கேளுங்கள். தேவையான சோதனையை அவர் எழுதித் தரட்டும்.

இனி என் வீட்டுக் கதை. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே அப்பா சாய்ந்தார். வயது 52. பாரிச வாயு என்று லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பேசிக்கொண்டார்கள். அவருடைய தங்கை, என் அத்தை, 58இல் அதே மாதிரி போனார். எனக்கு 44இல் அழுத்தம் பிடிபட்டது, அன்றிலிருந்து மாத்திரை. இப்போது 71. அக்காவுக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தலை வலிக்கவில்லை, மயக்கம் இல்லை, பிறகு எதற்கு என்று தகர டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். "நம்ம ரத்தமே அப்படித்தான், மாத்திரை என்ன செய்யும், போடா" என்பார். சம்பள நாளில் வரிசையாக நூறு பேருக்குக் கைப்பட்டை கட்டியவன், அக்காவின் கையில் ஒரு முறையும் கட்டவில்லை. வேறு தோட்டத்தில் இருந்தார். அது ஒரு சாக்கு. 2009இல் அவருடைய வலது கை விழுந்தது. இன்று இடது கையால் சாப்பிடுகிறார். விருந்து வீடுகளுக்கு வருவதில்லை.

அக்காவும் அப்பாவின் பிள்ளைதான், நானும் அப்பாவின் பிள்ளைதான்.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லயத்துச் சோற்றுக்குத் துணை கருவாடும் ஊறுகாயும். விடியுமுன் நிரை பிடித்துப் பால் வெட்டிய காலத்தில் வியர்வையில் கொஞ்சம் கரைந்தது என்று வைத்துக்கொண்டாலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் காவல் வேலைக்கும் போனார்கள், நாக்கு மட்டும் தோட்டத்திலேயே இருக்கிறது. இப்போது அதன் மேல் கிச்சாப் என்ற சோயா சாறு, பெலாச்சான் என்ற உப்பிட்ட இறால் விழுது, பாக்கெட் மீ. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. அழுத்தம் உள்ளவர் நாளுக்கு 4 கிராம் போல உப்பைக் குறைத்தால் அழுத்தத்தின் இரண்டு எண்களில் மேல் எண் சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கும். சில உடல்கள் உப்பை அதிகமாகப் பிடித்து வைப்பதும் மரபணுவின் வேலைதான். அந்த மரபணுவை மாற்ற முடியாது, பெலாச்சானை மாற்றலாம்.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் பத்துக்கு ஏறக்குறைய மூவருக்கு உயர் ரத்த அழுத்தம். பலருக்கு இருப்பதே தெரியாது. 480 ரிங்கிட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் எத்தனை வயதில் அழுத்தம், வாதம், மாரடைப்பு என்று எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் அரசு சுகாதார கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். பெற்றோருக்கு இளமையிலேயே இருந்தால் நீங்கள் நாற்பது வயது வரை காத்திருக்க வேண்டாம்.

அக்காவின் பேரனுக்கு வயது 27. சென்ற வாரம் என் திண்ணையில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து இரண்டு தடவை பார்த்தேன்: 148/96, 146/94. பயந்துவிட்டான். குழாய் வாங்கலாமா என்று அவனும் கேட்டான். மேலே சொன்ன வயதுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போகிறான்; நானும் கூடப் போகிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு முதல் பத்து வரை அதே கோயில் மண்டபத்தில் என் கருவியோடு இருப்பேன். காப்பி குடிக்காமல், சட்டைக் கையைத் தளர்த்திக்கொண்டு வாருங்கள். அந்த அம்மாள் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரஸ்ஸர்,
சுங்கை சிப்புட், பேராக்