அப்பாவின் சைடு கண்ணாடிக்கு உதவியவர்களுக்கு

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கத்து அண்ணன்மார், தம்பிமார், எதிர்வீட்டு அக்கா, எல்லாருக்கும் வணக்கம்.

அப்பா இப்போது லேப்டாப்பில் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற லாரி ஓட்டும் விளையாட்டில் நிம்மதியாக வண்டி ஓட்டுகிறார். தலை சுற்றல் இல்லை. மழை பெய்தால் படம் திக்குவதில்லை. பின்னால் வருகிற கார் கண்ணாடியில் கார் மாதிரியே தெரிகிறது. இதற்காக மெனக்கெட்டவர்கள் பல பேர். ஒவ்வொருவரையும் தேடிப் போய்ச் சொல்வதற்குள் அடுத்த வருடம் வந்துவிடும் என்பதால் எல்லாருக்குமாகச் சேர்த்து இந்த மடல்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா லாரி டிரைவர். 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் தமிழ்நாடு-கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட் வரிசையில் இரவுகளைக் கழித்தவர்களில் ஒருவர். மூட்டு வலி வந்து சீட்டை விட்டு இறங்கிய பிறகு வீட்டில் அவருக்குப் பொழுதே போகவில்லை. செக் நாட்டுக்காரர்கள் 2012இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் நம்ம பக்கத்துப் பசங்க பஸ் மாட் (வெளியாட்கள் செய்து சேர்க்கும் வண்டி) போட்டு ஓட்டுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்பாவுக்கு பஸ் ஆகாது, சரக்கு வண்டிதான். அதிலும் இங்கிலாந்து ரூட்தான் பிடிக்கும். அங்கே நம்மைப் போலவே சாலையின் இடதுபக்கம் ஓட்டுகிறார்கள், வலதுபக்க ஸ்டியரிங் வைத்த வண்டியும் கிடைக்கிறது. பிரான்ஸில் கை மாறி ஓட்டி ஓட்டிச் சலித்துப்போய், கலேயில் கப்பலேறி டோவரில் இறங்கும்போது "அப்பாடா" என்பார்.

ஆனால் இரவும் மழையும் சேர்ந்துவிட்டால் படம் விட்டு விட்டு ஓடும். சைடு கண்ணாடி எண்ணெய்க் கை பட்டது போல மங்கிக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது என்று எழுந்துவிடுவார்.

நான் யோசனை கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் சொன்னது, "கண்ணாடிய ஆஃப் பண்ணிடுங்க, ஸ்பீடு ஏறிடும்." காரணம் சரிதான். விளையாட்டில் ஒவ்வொரு கண்ணாடிக்கும் பின்பக்கக் காட்சியைத் தனியாக இன்னொரு முறை வரைய வேண்டியிருக்கிறது, அதனால் கிராபிக்ஸ் கார்டுக்கு அது பெரிய சுமை. இதை அப்பாவிடம் சொன்னேன். "கண்ணாடி இல்லாம எவன்டா ரிவர்ஸ் எடுப்பான்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. "புது லேப்டாப் வாங்குங்க" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கு வணக்கம் மட்டும்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. நர்ஸ் வேலை பார்ப்பவர். தலை சுற்றல் என்றதும் லேப்டாப் பக்கமே வராமல் பிரஷரும் சுகரும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான், "விளையாடாத நேரத்துல சுத்துதாங்க மாமா?" என்று கேட்டார். இல்லை என்றதும் மேற்கொண்டு கோளாறைத் திரையில் தேடச் சொன்னார். அந்த வரிசை எனக்குத் தோன்றியிருக்காது.

அடுத்து ஜங்ஷன் கம்ப்யூட்டர் கடை அண்ணனுக்கு. விளையாட்டின் செட்டிங்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவை ஓட்டச் சொன்னார். இந்த லேப்டாப்பில் கிராபிக்ஸ் இரண்டு. ஒன்று பிராசசருக்குள்ளேயே இருப்பது, இன்னொன்று தனி கார்டு. பிராசசருக்குள் இருந்தது மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்க, தனி கார்டு பூஜ்ஜியத்தில் உட்கார்ந்திருந்தது. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய், இந்த விளையாட்டுக்கு மட்டும் ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று மாற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "கிளியர் பண்ணினது ரெண்டு கிளிக், அதுக்கு என்னங்க காசு" என்கிறார். எந்த ரெண்டு கிளிக் என்று தெரிவதற்கு ஆள் வேண்டுமே அண்ணா.

இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்கு, கரண்ட் போய்ப் போய் வரும். சார்ஜர் நின்றதும் லேப்டாப் பேட்டரியை மிச்சம் பிடிக்க கிராபிக்ஸ் வேகத்தைக் குறைத்துவிடும், டோவர் சாலை மறுபடி திக்கும். அந்த பிளக்குக்கு இன்வர்ட்டர் லைன் இழுத்துக் கொடுத்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் நன்றி.

சித்தூர் கல்லூரியில் படிக்கும் தம்பியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் வீலை பைக்கில் கட்டிக் கொண்டுவந்து இரவல் கொடுத்தது போதாதென்று, பக்கத்தில் உட்கார்ந்து செட்டிங் முழுவதையும் பார்த்தான். எல்லாவற்றையும் லோ என்று தள்ளிவிடவில்லை. ஒரே சாலை, ஒரே மழை, ஒரே நேரம். ஒன்றை மட்டும் மாற்றுவான், அப்பாவை ஓட்டச் சொல்வான், "என்னங்க தெரியுது?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வான்.

பெரிய திருடனைப் பிடித்தவன் அவன்தான். ஸ்கேலிங் 400 சதவீதத்தில் இருந்தது. நம் திரை 1920க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். 400 என்றால் அதைப்போல நான்கு மடங்கு, 80 லட்சத்துக்கு மேல் வரைந்து, பிறகு சுருக்கித் திரைக்கு அனுப்ப வேண்டும். 100க்கு இறக்கியதும் வண்டி பறந்தது, ஆனால் மரக்கிளையும் கம்பி வேலியும் பல்பல்லாக மின்ன ஆரம்பித்தன. அப்பாவுக்கு அது கண்ணை உறுத்தியது. 150இல் இருவருக்கும் சம்மதம். தூரத்தை மங்கலாக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டை முழுக்க எடுத்துவிட்டான். டிரைவருக்குத் தூரம்தானே முக்கியம்? சூரியக் கதிர் எஃபெக்டும் போனது. புல், செடி அடர்த்தியைக் குறைத்தான், நிழலை மீடியத்தில் வைத்தான். இப்படி மிச்சம் பிடித்ததை எல்லாம் கொண்டுபோய்க் கண்ணாடியில் போட்டான்.

ஆனால் கண்ணாடிக்கு எவ்வளவு வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னவர் அப்பாவோடு வண்டியில் போன பழைய கிளீனர். அவருக்கு கம்ப்யூட்டர் தெரியாது. திரையைப் பார்த்துவிட்டு, "ரொம்ப தூரம் எதுக்குங்க? பின் டயரும் ஓவர்டேக் எடுக்கற வண்டியும் சுத்தமா தெரிஞ்சாப் போதும்" என்றார். கண்ணாடியின் தரம் உச்சத்துக்கு ஏறியது, அதில் தெரியும் தூரம் இறங்கியது. அப்புறம் அவரே பக்கத்தில் நின்று, "வரட்டும்... வரட்டும்... லேசா லெஃப்ட்ல ஒடி... ஓல்டான்" என்று சத்தம் கொடுக்க, அப்பா டிரெய்லரை ஒரே எடுப்பில் ஷெட்டுக்குள் சொருகினார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து என்ன ஆயிற்று என்று கேட்டது தனிக்கதை.

தலை சுற்றலில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்ததைத் தீர்த்தவர் தம்பி போன் போட்டுக் கொடுத்த திருச்சூர் சேட்டன். நான் தமிழில் கேட்க, அவர் மலையாளத்தில் விளக்கினார். 60 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 60 முறை படம் மாற்றும் திரை, ஒரு படத்துக்குத் தரும் நேரம் 16.7 மில்லி செகண்ட். படத்தைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் விசிங்க் செட்டிங்கைப் போட்டிருக்கும்போது படம் அதற்குள் தயாராகவில்லை என்றால் அடுத்த முறைக்குக் காத்திருக்கும், 33 ஆகிவிடும். இப்படி மாறி மாறி வந்தால் சராசரி எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கண் ஏற்காது என்றார். அதனால் மழையிலும் நொடிக்கு 60 படம் நிற்கும் அளவுக்கு இன்னும் இரண்டு எஃபெக்டைக் குறைத்தோம். கேபின் குலுங்கும்போது கூடவே பார்வையும் ஆடும் செட்டிங்கையும் அடியோடு குறைக்கச் சொன்னார். அப்பாவின் உடம்பு நாற்காலியில் அசையாமல் இருக்க, கண்ணுக்கு முன்னால் மட்டும் எல்லாம் ஆடினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

இந்த செட்டிங் ஃபைல் கம்ப்யூட்டர் கடை அண்ணனிடம் பென் டிரைவில் இருக்கிறது. இதே மாதிரி லேப்டாப் வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்ளலாம். அப்படியே போட்டுவிட்டு விடாதீர்கள், உங்கள் வீட்டில் ஓட்டுபவரிடம் என்ன தெரிகிறது என்று கேட்டு மாற்றுங்கள்.

தம்பி, உனக்கு மட்டும் ஒரு விஷயம். ஸ்டியரிங் வீலை எடுத்து வைக்கிறேன் என்று நேற்று சொன்னேன். மான்செஸ்டருக்கு லோடு எடுத்திருக்கிறேன், பாதி வழியில் வண்டியை விட முடியாது என்கிறார் அப்பா. பரீட்சை முடித்துவிட்டு நீயே நேரில் வந்து பேசிக்கொள்.

நன்றியுடன்,
லாரிக்காரர் மகன்,
கொழிஞ்சாம்பாறை