குழந்தைக்கும் தண்ணீர் வைக்கும் கடை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். புது வீட்டில் சாமான்களை எல்லாம் அடுக்கி முடித்திருப்பாய் என்று நினைக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே சாப்பிடப் போய்ப் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டோம் என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. "இரண்டு பேரும் வளர்கிற வரைக்கும் இனி வெளிச்சாப்பாடே வேண்டாம்" என்றாய். அப்படி முடிவு கட்டாதே மா. வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடுகிற உனக்கு, யாரோ சமைத்து யாரோ பரிமாறி, நீ உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு வேளை கட்டாயம் வேண்டும். போனில் சொல்லித் தீராது என்றுதான் எழுதுகிறேன். ஓட்டல் தொழிலிலேயே காலத்தைக் கழித்தவன் நான். குடும்பத்தோடு வருகிறவர்கள் எதனால் சந்தோஷமாகச் சாப்பிட்டுப் போகிறார்கள், எதனால் முகம் வாடி எழுந்திருக்கிறார்கள் என்பதைக் கல்லாப் பக்கம் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில், எந்தக் கடைக்குப் போவது என்பது. வாசலில் 'குடும்ப உணவகம்' என்று போர்டு இருக்கிறது, சுவரில் பொம்மைப் படம் வரைந்திருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதே. உட்கார்ந்த முதல் ஐந்து நிமிஷத்தில் சர்வர் என்ன செய்கிறார் என்று பார். பெரியவனுக்கும் சேர்த்துத் தண்ணீர் வைக்கிறாரா, உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் வைத்துவிட்டுப் போகிறாரா? கண்ணாடித் தம்ளர் என்றால் அவனுக்கு மட்டும் வேறு மாற்றித் தருகிறாரா? சின்னவள் கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கும் கத்தியையும் முள்கரண்டியையும் யாரும் சொல்லாமலே நகர்த்தி வைக்கிறாரா? இது முதலாளி சொல்லிக் கொடுத்து வருவது பாதி, அந்த ஆளின் சுபாவம் பாதி. எப்படி வந்தாலும் சரி, குழந்தையைத் தொந்தரவாக நினைக்காமல், சாப்பிட வந்த ஒரு ஆளாகப் பார்க்கிற கடை அது. சாப்பாடு சுமாராக இருந்தாலும் அங்கே இன்னொரு முறை போ. சாப்பாடு பிரமாதம், ஆனால் குழந்தை ஒரு சத்தம் போட்டதும் நாலு பேர் திரும்பி முகம் சுளிக்கிறார்கள் என்றால், அந்தக் கடையை நீயும் மாப்பிள்ளையும் மட்டும் போகிற நாளுக்கு வைத்துக்கொள்.

பெரியவனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்பதால் உனக்கு இதைவிடப் பெரிய சோதனை ஒன்று இருக்கிறது. "இதில் கடலை இருக்கிறதா?" என்று கேட்டுப் பார். "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்று நின்ற இடத்திலேயே சொல்கிறவரை நம்பாதே. "இருங்கள், உள்ளே கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சமையல்கட்டுக்குப் போகிறவரை நம்பு. கேட்கும்போது சாமான் பட்டியலோடு நிறுத்திவிடாதே. அதே எண்ணெயில் கடலை சேர்ந்த பண்டம் எதையாவது பொரித்தார்களா, அதே கரண்டியைப் போட்டார்களா என்றும் கேள். ஒவ்வாமையைக் கிளப்புவது கடலையில் இருக்கும் புரதம். பொரிப்பதாலும் வறுப்பதாலும் அது போய்விடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து, 14 வகை ஒவ்வாமைப் பொருட்களில் எது எந்தச் சாப்பாட்டில் இருக்கிறது என்ற விவரத்தை உணவகங்களும் தந்தாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. சட்டம் இருக்கிறதோ இல்லையோ, இரண்டு முறை கேட்பதற்கு நீ கூச்சப்பட வேண்டியதே இல்லை. உள்ளே நின்று வேலை பார்த்தவன் சொல்கிறேன், கேட்கிற வாடிக்கையாளரை நல்ல சமையல்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி எப்போதும் உன் கைப்பையில் இருக்கட்டும். காரில் விட்டுவிட்டு இறங்காதே, வண்டிக்குள் ஏறும் சூட்டில் மருந்து கெட்டுப்போகும்.

அடுத்தது நேரம். நீங்கள் போனது வார இறுதி, ராத்திரி நல்ல கூட்ட நேரம். புறநகரில் எல்லாரும் வாரம் முழுக்க வேலைக்குப் போய்த் திரும்புவதிலேயே களைத்துப்போய், அந்த ஒரு ராத்திரியில்தான் மொத்தமாக வெளியே வருகிறார்கள். சமையல்கட்டில் ஆர்டர் சீட்டு வரிசையாகத் தொங்கும். உனக்கு முன்னால் பத்துப் பேர் கொண்ட ஒரு டேபிள் ஆர்டர் கொடுத்துவிட்டால், உன் பிள்ளைக்கு வரவேண்டிய சின்னத் தட்டும் அதற்குப் பின்னால்தான் நிற்கும். வேலை நாளில், சாயங்காலம் சீக்கிரமாகப் போய்ப் பார். பிள்ளைகளுக்குப் பசி எடுக்கிற நேரமும் அதுதான். அதே சர்வர், அதே சமையல்காரர், ஆனால் அப்போது உன் டேபிளைக் கவனிக்க அவர்களுக்கு நேரம் இருக்கும். உட்கார்ந்ததுமே பெரியவனுக்கு வேண்டியதை மட்டும் முதலில் சொல்லி, "இதை முன்னால் கொண்டு வந்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொள். கேட்காவிட்டால் பெரும்பாலான சமையல்கட்டில் ஒரு டேபிளுக்கு உரியது எல்லாம் தயாரான பிறகு ஒன்றாகத்தான் அனுப்புவார்கள்.

எங்கே உட்காருகிறோம் என்பதிலும் நிறைய இருக்கிறது. சமையல்கட்டுக் கதவுக்கும் டேபிள்களுக்கும் நடுவே சர்வர்கள் நடக்கிற ஒரு பாதை இருக்கும். சூடான பாத்திரங்கள் எல்லாம் அந்த வழியாகத்தான் தலைக்கு மேலே போகும். பிள்ளையோடு அந்தப் பாதை ஓரத்தில் உட்காரவே கூடாது. சுவர் ஓரம், மூலை, ஸ்பீக்கர் இல்லாத பக்கம் என்று கேட்டு வாங்கு. பேபி சேர் கொண்டு வந்ததும் சின்னவளை உடனே உட்கார வைத்துவிடாதே. ஒரு கையால் அதைப் பிடித்து ஆட்டிப் பார், நாலு காலும் தரையில் அழுத்தமாக நிற்கிறதா என்று. பெல்ட் இருக்கிறதா, கொக்கி சரியாக மாட்டுகிறதா, கால்களுக்கு நடுவே வருகிற பட்டை அறுந்திருக்கிறதா என்று பார். நிறையக் கடைகளில் அந்தப் பட்டைதான் முதலில் போகும். அது இல்லாவிட்டால் குழந்தை கீழ்ப்பக்கமாக நழுவிவிடும். அப்புறம், அவள் பாதம் டேபிள் விளிம்பிலோ சுவரிலோ எட்டி உதைக்க முடியாத தூரத்தில் நாற்காலியைப் போடு. பேபி சேர் பின்னால் சாய்வதற்கு அந்த உதையும் ஒரு காரணம். தட்டை வைக்கும் பலகையைத் துடைத்துத் தரச் சொல்லத் தயங்காதே, அவள் அதன் மேலேயே நேராக எடுத்துச் சாப்பிடுவாள்.

டேபிள் விரிப்பு தொங்கினால் மடித்து மேலே போட்டுவிடு. டீயோ காபியோ ஊற்றிக் கால் மணி நேரம் ஆன பிறகும் சின்னக் குழந்தையின் தோலைச் சுடும் அளவுக்குச் சூடு இருக்கும், அவ்வளவு மெல்லிய தோல். அப்படி ஏதாவது பட்டுவிட்டால் ஐஸ் வைக்காதே, வேறு எதையும் தடவாதே. குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டு, அப்புறம் டாக்டரிடம் கொண்டுபோ.

சின்னவள் அன்றைக்கு ஓயாமல் அழுததற்குச் சத்தமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது கட்டுகிற கடைகளில் தரை வழவழப்பு, சுவர் கண்ணாடி, மேலே கூரை வெறும் சிமெண்ட். திரைச்சீலை, மெத்தை வைத்த இருக்கை என்று சத்தத்தை வாங்கிக்கொள்ள எதுவும் இருக்காது. சுற்றிச் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான் என்று எதியேன் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதி வைத்தார். ஒரு டேபிள் குரலை உயர்த்த, அடுத்த டேபிளும் உயர்த்த, கொஞ்ச நேரத்தில் கடை முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். கைக்குழந்தைக்கு அதிலிருந்து தப்ப அழுகையைத் தவிர வேறு வழி இல்லை. அதனால் அவளைப் பிடிவாதக்காரி என்று சொல்லாதே. வெளியே மேஜை போட்ட கடை, துணியும் மரமும் அதிகம் இருக்கிற பழைய மாதிரிக் கடை ஏதாவது இருக்கிறதா என்று பார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். குழந்தைகளுக்கென்று தனியாக அச்சடித்த மெனுவில் பெரும்பாலும் பொரித்ததும் இனிப்பும்தான் இருக்கும். அது இருப்பதால் கடை நல்ல கடை ஆகிவிடாது. ஒரு காலித் தட்டு கேட்டு வாங்கி, உன் தட்டிலிருந்து கொஞ்சம், மாப்பிள்ளை தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து வை. அரை அளவு தருவார்களா, காரத்தைத் தனியாக வைப்பார்களா என்று கேள். செய்து தருகிற கடைதான் உனக்கு வேண்டிய கடை. சின்னவளுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை என்பதை மட்டும் மறக்காதே. ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் சாதாரணச் சமையல் சூட்டில் சாகாது, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஓட்டல்களில் பானத்திலும் சாஸிலும் சொல்லாமலே தேன் சேர்ப்பார்கள். பெரியவனுக்கும் திராட்சை மாதிரி உருண்டையாக இருப்பதை நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடு, தொண்டையில் அடைப்பது பெரும்பாலும் அந்த வடிவம்தான்.

அவன் சாப்பிட மாட்டேன் என்றால் அங்கே உட்கார்ந்து மல்லுக்கட்டாதே. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் ஒரு வழி சொன்னார்: எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோர் கையில், சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளை கையில். எனக்கு இது மிகவும் சரியாகப் படுகிறது. புது ருசி ஒன்று பிள்ளைக்குப் பழக எட்டுப் பத்துத் தடவையோ அதற்கு மேலோ கண்ணில் பட வேண்டியிருக்கும். இன்றைக்குத் தள்ளி வைத்தால் வைக்கட்டும். போனைக் கையில் கொடுத்து ஊட்டுவது மட்டும் எனக்குச் சம்மதம் இல்லை. காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு சின்ன நோட்டும் நாலு கலர் பென்சிலும் பையில் போட்டுக்கொள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. நல்ல கடை எது என்று தேடிப் புதுசு புதுசாக அலையாதே. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒன்றைப் பிடி. நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய கடைக்குப் போனால் பார்க்கிங்கில் பின்னால் வருகிற வண்டிகளுக்கு நடுவே இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும், பிள்ளை அழுதாலும் சட்டென்று வீட்டுக்குத் திரும்ப முடியாது. பக்கத்துக் கடை என்றால் ஒருவர் பார்சல் வாங்கிக்கொண்டு வர, ஒருவர் முன்னால் நடந்துவிடலாம். அங்கேயே திரும்பத் திரும்பப் போ. ரே ஓல்டன்பர்க் என்ற சமூகவியலாளர், வீடும் வேலையிடமும் தவிர மனிதனுக்கு மூன்றாவதாக ஒரு இடம் வேண்டும் என்று 1989இல் எழுதினார். புறநகர்களில் அது இல்லாமல் போனதுதான் அவருடைய கவலை. நீ குடிபோயிருக்கிற இடத்தில் உனக்கு இன்னும் ஒரு முகம்கூடப் பழக்கம் இல்லை. ஒரே கடைக்குப் போய்வந்தால் சர்வருக்குப் பெரியவன் பெயர் தெரியும், அவனுக்குக் கடலை ஆகாது என்பது கேட்காமலே நினைவிருக்கும், பக்கத்து டேபிளில் வந்து உட்காரும் இன்னொரு அம்மாவிடம் நீ பேச ஆரம்பிப்பாய். பெரியவனையே ஆர்டர் சொல்ல விடு. அந்நிய மனிதரைப் பார்த்து, கேட்கிற மாதிரி வாய் திறந்து தனக்கு வேண்டியதைச் சொல்லிப் பழகட்டும்.

கழிவறையை முதல் முறையே ஒரு எட்டு பார்த்துவிடு. சோப்பு இருக்கிறதா, டயப்பர் மாற்ற இடம் இருக்கிறதா, ஆண்கள் பக்கமும் இருக்கிறதா என்று. இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் நீதான் எழுந்து போக வேண்டியிருக்கும். விளையாட்டு இடம் உள்ள கடையென்றால் சாப்பிட்ட பிறகு விடு, முதலில் விட்டால் அவன் தட்டுப் பக்கமே வரமாட்டான். மிச்சத்தைக் கட்டி வாங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடு, மறுபடி சூடாக்கும்போது நடுவரைக்கும் நன்றாகச் சுடட்டும்.

ஒன்று உனக்காகவே சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் பிள்ளைகளுக்கு ஊட்டி முடித்து ஆறிப்போனதைத்தான் நீ சாப்பிடுகிறாய் என்று எனக்குத் தெரியும். இனிமேல் நீ முதலில் சாப்பிடு. அதுவரை சின்னவளை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வரட்டும், அப்புறம் நீ வாங்கிக்கொள். அவரிடம் நான் சொன்னதாகவே சொல்.

நாங்கள் வரும்போது அந்தக் கடைக்கே போகலாம். உன் அம்மாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை, அதனால் வாசலில் படி எத்தனை, கைப்பிடி இருக்கிறதா, கை வைத்த நாற்காலி ஒன்று கிடைக்குமா என்று பார்த்து வை. எனக்கு மெனு படிக்கிற அளவுக்கு வெளிச்சம் இருந்தால் போதும். எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்று அவர்களிடமே கேட்டு எழுது, அதற்குத் தகுந்த மாதிரி டிக்கெட் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா