அண்ணனை டிஸ்சார்ஜ் செய்யும் முன்

மதுரை

அன்புள்ள கல்யாணி,

நீ நேற்று ராத்திரி எழுதியதைப் படித்ததிலிருந்து அண்ணன் நினைவாகவே இருக்கிறது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது, மூக்குக் குழாயில்தான் ஆகாரம், அடுத்த வாரம் டிஸ்சார்ஜ், அதற்குள் வீடா ஹோமா என்று அவர் பிள்ளைகள் இரண்டாக நிற்கிறார்கள் என்கிறாய். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தச் சண்டையைப் பார்த்தவள் நான். ரிட்டயர் ஆன பிறகும் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் போய் உட்கார்ந்து பேசுவது இதைப் பற்றித்தான்.

எல்லாரும் எங்கே வைத்துப் பார்ப்பது என்பதில் தொடங்குகிறார்கள். மூத்தவன் ஊர் என்ன சொல்லும் என்பான், இளையவன் செலவைச் சொல்வான். நீ முதலில் அண்ணனின் ஒரு நாளை ஒரு தாளில் எழுது. வாய் சுத்தம் செய்வது, குழாயில் கஞ்சி, மாத்திரை, கழுவித் துடைப்பது, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது, பிசியோ என்கிற கைகால் பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்யப்போகிறவர் பெயரைப் போடு. எல்லாவற்றிலும் மதினி பெயரே வந்தால் அதற்குப் பெயர் ஏற்பாடு இல்லை. முட்டுவலிக்காரர், நடுராத்திரியில் அண்ணனைத் தனியாக எப்படிப் புரட்டுவார்? பிள்ளைகள் இந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசட்டும்.

வீட்டுக்குப் போவதாக முடிவானால், கிளம்பும் நாளில் பில் கவுண்டர் அவசரத்தில் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. இப்போதே நர்ஸைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, குழாயில் ஆகாரம் கொடுப்பதை வீட்டு ஆளே செய்து பழக வேண்டும். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, குழாயில் போட்ட குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, வடிகட்டிய கஞ்சியைச் சிரிஞ்சில் ஊற்றினால் அது தானாக இறங்கும். அமுக்கித் தள்ளக் கூடாது. இருமினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே நிறுத்த வேண்டும். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவிவிட்டு, அரைமணி நேரமாவது சாய்த்தே உட்காரவைக்க வேண்டும். போன மாதம் ஒரு மருமகள், கல்லூரியில் கணக்கு நடத்துகிற பெண், முதல் தடவை சிரிஞ்சைப் பிடித்தபோது கை அப்படி நடுங்கியது. டிஸ்சார்ஜ் ஆவதற்குள் மாமனாரிடம் பேச்சுக் கொடுத்தபடியே ஊற்றினாள்.

விழுங்க முடிகிறதா என்று மறுபடி எப்போது பார்ப்பார்கள், குழாயை எப்போது எடுப்பார்கள் என்று டாக்டரிடம் கேள். வீட்டில் இருக்கும் பழைய மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டு. ஒரே பிரஷர் மாத்திரை வேறு கம்பெனிப் பெயரில் எழுதப்பட்டு, பழசையும் புதுசையும் சேர்த்துப் போட்டு மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

ஏஜென்சியில் 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்புகிறவர்களில் பலர் நர்சிங் படித்தவர்கள் இல்லை. துடைக்க, புரட்ட, பக்கத்தில் இருக்க அவர்கள் பெரிய உதவி. ஆனால் குழாய் மாற்றுவதும் ஊசி போடுவதும் அவர்கள் வேலை அல்ல. என்ன படித்தவர் என்று கேட்டுத்தான் ஆள் எடுக்க வேண்டும்.

'ஹோம்' என்று அண்ணன் பிள்ளைகள் எதைச் சொல்கிறார்கள்? முதியோர் இல்லம் வேறு, மறுவாழ்வு சிகிச்சை மையம் வேறு. பின்னதில் பிசியோவும் பேச்சுப் பயிற்சியும் தினமும் நடக்கும். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் உடம்பு வேகமாகத் திரும்பும் காலம். அதனால் என் அபிப்பிராயம், முடிந்தால் சில வாரம் அப்படி ஒரு மையத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவருவதுதான். அது கைவிடுவது ஆகாது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1966-லேயே மறுவாழ்வு சிகிச்சைக்கென்று தனி நிலையம் வந்தது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அண்ணனுக்கு இதைச் சொல்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிடு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டுமல்ல, பிசியோவுக்கும் வீடு தேடி வருகிறார்கள். பெரியவனின் ஆபீஸ் இன்சூரன்ஸில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவும் உண்டா, எத்தனை நாளைக்கு என்று பார்க்கச் சொல். டாக்டர் சீட்டும் பில்லும் இல்லாமல் பணம் வராது.

ஒன்று கேட்க வேண்டும். அண்ணனுக்குப் பேச்சுதான் குழறுகிறது, நாம் சொல்வது புரிகிறது என்று எழுதியிருக்கிறாயே, அவரிடம் யாராவது கேட்டீர்களா? ஆம் என்றால் கையை அழுத்தச் சொல்லி, இடது கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

இங்கே எல்லாரும் நலம். சனிக்கிழமை காலை திருச்சிக்கு பஸ் ஏறுகிறேன். ராத்திரி ஆஸ்பத்திரியில் நான் படுத்துக்கொள்கிறேன், மதினியை வீட்டுக்கு அனுப்பித் தூங்கவை.

அன்புடன்,
மீனா