கான்ட்ராக்ட் ஆளுங்க யாரு ஆளுங்க?

தம்பி, நீ அனுப்புன பேப்பர படிச்சேன்யா, உன் கம்பெனி எதுக்காக நடக்குது, கொள்கை என்னன்னு நாலு பக்கம். நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க ஆபீஸ் கூட்டுற அக்கா, பார்சல் தூக்கிட்டு ஓடுற பசங்க, இவங்களப் பத்தி ஒரு வரி கூட இல்லையே, கேட்டா கான்ட்ராக்ட்டுங்குற. அங்கதான் எனக்கு இடிக்குது.

போடிமெட்டுக்கு ஏலக்காய் தோட்ட வேலைக்கு ஏறுற ஜீப்ப பாத்துதானய்யா வளந்த, விடியுமுன்ன கெளம்பும், உள்ள மடி மேல ஆளு, பின்னாடி கம்பியப் புடிச்சு தொங்கிக்கிட்டு வேற. நான் காய் பொறுக்குற ஸ்டோருக்கு சரக்கு போடுற ஒரு தோட்டக்காரரு பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கிக் குடுத்து அதுல அவரு பேரையும் எழுதி வச்சிருக்காரு, ஆனா இன்னொரு ஜீப்பு விடுங்கய்யான்னா டீசல் கணக்கு சொல்றாரு. பெரிய கம்பெனின்னா லாபத்துல 2 சதவீதம் ஊருக்கு செலவழிக்கணும்னு 2013ல சட்டம் போட்டாங்கன்னு சொன்னீல்ல, அதுவும் பெஞ்சாத்தான் போகும், ஜீப்ப யாரு பாக்குறது?

மூணாறு கதைய எடுத்துக்க. 2005ல டாடா டீ தோட்டத்த விட்டப்ப தொழிலாளிங்களுக்கே பங்கு குடுத்து புதுக் கம்பெனி ஆக்குனாங்க, கேக்கவே நல்லாருக்குல்ல. 2015ல போனஸ் 10 சதவீதம்தான்னதும் கொழுந்து கிள்ளுற நம்ம தமிழ் பொம்பளைங்க ரோட்டுல உக்காந்துட்டாங்க, பெம்பிளை ஒருமைன்னு பேரு, பொம்பளைங்க ஒத்துமைன்னு அர்த்தம், யூனியன் தலைவருங்களக்கூட கிட்ட சேக்கல, 20 சதவீதம் வாங்கிட்டுத்தான் எந்திரிச்சாங்க. பங்கு கையில இருந்தும் ரோட்டுக்கு வந்தாத்தான் அவுக பேச்சு காதுல விழுந்துச்சு பாரு.

உங்க சித்தி மாதிரி ஜவுளிக்கடையில நிக்கிறவங்களுக்கு நாற்காலி போடணும்னு கேரளாவுல 2018லயும் நம்ம தமிழ்நாட்டுல 2021லயும் சட்டம் வந்துச்சு. அவ கடையில நாற்காலி கெடக்கு, உக்காந்தா சூப்பர்வைசர் மொறைக்கிறாரு, அதனால யாரும் உக்கார்றதில்ல. நீ கல்ச்சர் கல்ச்சருங்குறியே, அது அந்த ஆளு மொறைக்கிற மொறைப்புலதான்யா இருக்கு.

ஆபீஸ் கூட்டுற அந்த அக்காவுக்கு பிஎஃப் கட்டுறாங்களான்னு கான்ட்ராக்டர்கிட்ட ரசீது கேளு, அவன் கட்டலன்னா வேலை வாங்குற முதலாளிதான் பொறுப்பாம், இங்க யூனியன்காரவுக சொல்லக் கேட்டிருக்கேன். மாச மீட்டிங்குல அந்த கான்ட்ராக்ட் ஆளுங்கள்ல ஒருத்தர உக்கார வச்சு மொதல்ல பேசச் சொல்லு, நீ கடைசியில பேசு. மொத தடவ ஒண்ணும் பேச மாட்டாங்க, பயம் இருக்கும்ல, அதுக்காக விட்றாத.

ஏலக்காய் அரைக்கிலோ பார்சல் போட்டிருக்கேன், எட்டு எம்எம் காய், நானே பொறுக்குனது. வந்து சேந்ததும் போன் பண்ணு.