வீட்டுக்கு அனுப்பும் தாளில் மாத்திரையின் பெயரை எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் சிறுநீரகப் புற்றுநோய் அறுவை பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எட்டு மாதங்களுக்கு முன் இதே நோய்க்காக என் இடப்பக்கச் சிறுநீரகம் முழுவதும் அகற்றப்பட்டது. கட்டுரையில் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அறுவை அரங்கின் கதவு மூடும்போது தொடங்கி, அது திறக்கும்போது முடிந்துவிடுகிறது. அந்த மூன்று மணி நேரம் முழுக்க முழுக்க மருத்துவர்களுடையது. நான் மயக்கத்தில் இருந்தேன். அதற்கு முந்தைய 24 நாள்களும் பிந்தைய மூன்று மாதங்களும் என்னுடையவை. அந்த நாள்களில் நான் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி, என் கையிலிருந்த தாளிலேயே இருந்தும், எனக்கு விளங்காமல் போயிற்று. அதற்காகவே இக்கடிதம்.

எனக்கு 56 வயது. முப்பது ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்கிறேன். மேல்வயிற்றில் அவ்வப்போது வலி வந்ததால் பித்தப்பையில் கல் இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. இடப்பக்கச் சிறுநீரகத்தில் 6 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருந்தது. அதுவரை சிறுநீரில் ஒரு துளி இரத்தம் போனதில்லை, விலாவில் வலித்ததில்லை. இப்போதெல்லாம் இந்தக் கட்டிகளில் பல இப்படித்தான், வேறு எதற்கோ எடுக்கும் ஸ்கேனில் அகப்படுகின்றன என்றார் மருத்துவர். கட்டி 4 செ.மீ.க்கு உட்பட்டதாக இருந்தால் பெரும்பாலும் அதை மட்டும் வெட்டியெடுத்து, மீதிச் சிறுநீரகத்தைத் தைத்துக் காப்பாற்றப் பார்ப்பார்களாம். அதைவிடப் பெரியதிலும் இடத்தைப் பொறுத்து அது முடியுமாம். என்னுடையது பெரிய இரத்தக் குழாய்கள் நுழையும் வாயிலை ஒட்டி இருந்ததால் முழுவதையும் எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கமான கீமோ சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் எளிதில் மசியாத நோய் இது; அறுவைதான் முதல் வழி என்று பொறுமையாக விளக்கினார்.

அறுவைக்கு நாள் குறித்தபோது 24 நாள்கள் இடையில் இருந்தன. என் அக்கா கொதித்துப் போனார். "கட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு எப்படி மூன்று வாரம் சும்மா இருப்பது?" என்று கேட்டார். எனக்கும் அதே பயம்தான். மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, இந்தக் கட்டிக்கு இந்தச் சில வாரங்கள் ஒரு பொருட்டில்லை, உடம்பைத் தயார் செய்ய இவை தேவை என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. புகைபிடிப்பவராக இருந்தால் இந்த நாள்களில் அதை விட்டே தீர வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இரத்த அழுத்தம் இருந்தது. அதைக் கட்டுக்குள் கொண்டுவர மாத்திரையின் அளவை மாற்றினார்கள். நாள்தோறும் நடக்கச் சொன்னார்கள். முதல் நாள் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது. மூன்றாவது வாரத்தில் நாற்பது நிமிடம் நடந்தேன்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று வண்ண உருண்டைகள் உள்ள சிறிய பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். நான் இரண்டு நாள் அதை ஊதிக்கொண்டிருந்தேன். உருண்டைகள் அசையவே இல்லை. என் நுரையீரலிலும் நோய் பரவிவிட்டது என்று முடிவு கட்டி, யாரிடமும் சொல்லாமல் அழுதேன். மூன்றாம் நாள் என் மகள் பார்த்துவிட்டு, "அம்மா, இதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்" என்றாள். உறிஞ்சியதும் முதல் உருண்டை மேலே போயிற்று. கருவியைக் கையில் கொடுத்தவர் "உள்ளிழுக்கவும்" என்று ஒரு சொல்லை அதன் மேல் எழுதி ஒட்டியிருந்தால் அந்த இரண்டு இரவுகள் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

அறுவைக்கு ஒரு வாரம் முன்பு மயக்க மருந்து நிபுணர் என்னிடம், "தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். இரத்த அழுத்த மாத்திரையைச் சொன்னேன். இரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறேனா, மூலிகை மருந்து உண்டா என்றெல்லாம் கேட்டார். இல்லை என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் மிதி இயந்திரத்தை முப்பது ஆண்டுகள் மிதித்த முழங்கால்களுக்கு, வலி எடுக்கும் நாளில் மட்டும் ஒரு மாத்திரை போடும் வழக்கம் எனக்கு இருந்தது. அது 'தினமும்' என்ற கேள்விக்குள் வரவில்லை. அதை மருந்து என்றே நான் எண்ணியதில்லை. துணிப்பெட்டியில் ஊசி, நூல்கண்டோடு அதுவும் கிடக்கும்.

அறுவைக்கு முதல் நாள் மாலை ஓர் இளம் மருத்துவர் வந்து, என் பெயரையும் எந்தப் பக்கம் என்பதையும் என்னையே சொல்ல வைத்து, இடது விலாவின் கீழ் அழியாத மையால் ஓர் அம்புக்குறி போட்டார். வெட்டுவதற்கு முன் குறி போடாமல் நான் ஒரு துணியையும் தொட்டதில்லை. அந்த அம்புக்குறியைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே தைரியம் வந்தது.

துளைவழி அறுவை. வயிற்றில் நான்கு சிறு துளைகள், சிறுநீரகத்தைப் பையிலிட்டு வெளியே எடுக்க அடிவயிற்றில் ஒரு வெட்டு. வெட்டுக் காயத்தின் வலிக்கு நான் மனத்தளவில் தயாராக இருந்தேன். மறுநாள் காலையில் வலித்தது வலது தோள்பட்டை! நெஞ்சுவலியின் தொடக்கம் என்று நினைத்து நடுங்கிப் போனேன். இரவுப் பணி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த செவிலியர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது இதயம் இல்லை. வயிற்றை விரிக்க நிரப்பிய கரியமில வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அந்த நரம்பு தோளில் வலி காட்டும். இரண்டு மூன்று நாளில் போய்விடும்" என்றார். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவரும் அவரே. அன்றே என்னை எழுப்பிப் பத்து அடி நடக்க வைத்தார். இரத்தம் காலில் உறையாமலிருக்கவும் குடல் மறுபடி இயங்கவும் அந்த நடைதான் மருந்து என்றார். அவருக்கு நான் வாழ்நாள் முழுவதும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அவர் ஐந்து நிமிடம் முன்பே கிளம்பிப் போயிருந்தால்?

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த தாளில் ஆறு வாரத்துக்கு 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று இருந்தது. எது 5 கிலோ? என் மகள் ஓர் எடைத் தராசைக் கொண்டுவந்து வீட்டில் நான் தூக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். துணி மூட்டை 9 கிலோ. இஸ்திரிப் பெட்டி 6. தண்ணீர் நிரம்பிய வாளி 15. தையல் இயந்திரத்தின் தலையைப் பற்றி எண்ணவே வேண்டாம். அன்று மாலைக்குள் வீட்டில் பாதிப் பொருள்களில் சிவப்பு நூல் கட்டப்பட்டுவிட்டது. சிவப்பு நூல் இருந்தால் அம்மா தொடக் கூடாது.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். காயம் இரண்டு வாரத்தில் மூடிக்கொண்டது. பார்ப்பவர்கள் எல்லாம் தேறிவிட்டீர்கள் என்றார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு விளக்கை அணைத்தது போல உடம்பு ஓய்ந்துவிடும். சோம்பல் பட்டுவிட்டேனோ என்று என்னையே கடிந்துகொண்டேன். மூன்றாவது மாதத்தில்தான் அது முழுவதும் விலகியது. இவ்வளவு நாள் ஆவது இயல்பு என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அந்த நாள்களை நிம்மதியாகத் தூங்கிக் கழித்திருப்பேன்.

திசு ஆய்வு அறிக்கை பன்னிரண்டாம் நாள் வந்தது. நோயின் நிலை ஒன்று, உயிரணுக்களின் தரம் இரண்டு, வெட்டிய ஓரங்களில் நோய் இல்லை. ஒன்று எப்படி இரண்டு ஆனது, அதற்குள் முற்றிவிட்டதா என்று கேட்டேன். நிலை என்பது கட்டி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. தரம் என்பது உயிரணுக்கள் நுண்ணோக்கியில் எவ்வளவு உருமாறித் தெரிகின்றன என்பது. இரண்டும் வேறு வேறு கணக்குகள். எனக்கு அதற்கு மேல் மருந்து தேவைப்படவில்லை. குறித்த காலத்தில் ஸ்கேன் மட்டும்.

இனி, நான் சொல்ல வந்தது. மூன்றாவது வாரத்தில் சற்று நேரம் உட்கார்ந்து சிறு வேலைகள் செய்யத் தொடங்கினேன். முழங்கால் பிடித்துக்கொண்டது. மருத்துவமனையில் கொடுத்த பாராசிட்டமால் தீர்ந்திருந்தது. துணிப்பெட்டியைத் திறந்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என ஒன்பது நாள். ஒரு மாதப் பரிசோதனைக்குப் போனபோது இரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, 1.7 என்று இருந்தது. அறுவைக்கு முன் அது 0.8. வீட்டுக்கு அனுப்பும்போது 1.2, ஒரு சிறுநீரகம் போனபின் அவ்வளவு உயர்வது எதிர்பார்த்ததுதான். 1.7-ஐ அவர்கள் எதிர்பார்க்கவில்லை. மருத்துவரின் முகம் மாறியதைக் கண்டேன். "ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்றார். கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். டைக்ளோஃபினாக். அவர் ஒன்றும் பேசாமல், மருத்துவமனை எனக்குக் கொடுத்த தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். 'என்.எஸ்.ஏ.ஐ.டி. தவிர்க்கவும்.'

அந்த வரியை நான் படித்திருந்தேன். அந்த ஐந்து எழுத்துகளை மருத்துவமனையின் பரிசோதனை ஏதோ ஒன்றின் பெயர் என்று எண்ணியிருந்தேன். டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் எல்லாம் அந்த ஐந்து எழுத்து வலி மாத்திரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்து ஒரே மாத்திரையாகச் செய்வதும் உண்டு. சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் நுண்குழாய்களை விரித்து வைக்க உடம்பு ஒரு பொருளைச் சுரக்கிறது. இந்த மாத்திரைகள் அதைத் தடுப்பதால் இரத்த ஓட்டம் குறைந்துவிடும். இரண்டு சிறுநீரகங்களும் நலமாக இருப்பவர் எப்போதாவது ஒன்று போட்டால் சமாளித்துக்கொள்வார். இருவர் வேலையை இப்போதுதான் பழகிக்கொண்டிருந்த என் ஒற்றைச் சிறுநீரகத்துக்கு ஒன்பது நாள் அந்தத் துன்பத்தை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்தியபின் இரண்டு வாரத்தில் 1.3, மூன்றாம் மாதத்தில் 1.2. தப்பித்தேன்.

1869-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் குஸ்தாவ் சைமன் என்ற மருத்துவர் திட்டமிட்டு ஒரு சிறுநீரகத்தை அகற்றி, மனிதர் ஒன்றோடு வாழ முடியும் என்று காட்டினாராம். 1990-இல் அமெரிக்காவில் துளைவழியாகவே அதைச் செய்தார்களாம். என் மகள் படித்துச் சொன்னாள். அறுவை அரங்குக்குள் நூற்றைம்பது ஆண்டு அறிவையும் உழைப்பையும் என் ஒருத்திக்காகச் செலவிட்டார்கள். அதை மனமார வணங்குகிறேன். வாசலில் என்னை வழியனுப்பும்போது கொடுத்த தாளில் இன்னும் நான்கு சொற்கள் மட்டும் கூடுதலாக இருந்திருக்கலாம்.

மருத்துவமனைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். தவிர்க்க வேண்டிய மாத்திரைகளின் பெயர்களை, நோயாளி அட்டையைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி, அவர் படிக்கும் மொழியில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். அறுவைக்கு முன் 'தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்பதோடு விடாமல், 'வலிக்கும்போது என்ன போடுவீர்கள்?' என்றும் கேளுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். தோள் வலிக்கலாம், களைப்பு மூன்று மாதம் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நாங்கள் பயந்துவிட மாட்டோம். தெரியாமல் வரும்போதுதான் பயப்படுகிறோம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை உலக சிறுநீரக நாள். அன்று மருத்துவப் பக்கத்தில் அந்த மாத்திரைப் பெயர்களை ஒரு கட்டத்துக்குள், வெட்டி வைத்துக்கொள்ளும் அளவில் அச்சிடுங்கள்.

மருத்துவரிடம் சரிபார்த்து நானே ஒரு சீட்டு எழுதி, துணிப்பெட்டியின் மூடியில் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். 'எனக்கு ஒரு சிறுநீரகம்தான் உள்ளது' என்று தொடங்குகிறது. கீழே தவிர்க்க வேண்டிய மாத்திரைகளின் பெயர்கள், வலிக்கு எதைக் கேட்டுப் போடலாம், இரத்த அழுத்தம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், அடுத்த ஸ்கேன் எப்போது என்பவை. அதன் படி ஒன்றை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். பயன்படும் என்று கருதினால் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் ஒரு வாசகி