டூரண்ட் கோடும் சமன் வாசலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் இதழில் பஷ்தூன் மக்களைப் பற்றி வந்த கட்டுரையில், ஆப்கானிஸ்தானுக்கும் இன்றைய பாகிஸ்தானுக்கும் நடுவே எல்லை வகுத்த டூரண்ட் ஒப்பந்தம் நூறு ஆண்டுகளுக்குப் போடப்பட்டு 1993இல் காலாவதியானது என்று வந்திருக்கிறது. பலரும் நம்பும் தகவல்தான், ஆனால் தவறு. 1893 நவம்பர் 12 அன்று காபூலில் ஆப்கன் அரசர் அமீர் அப்துர் ரஹ்மானும் பிரிட்டிஷ் இந்திய அதிகாரி மார்ட்டிமர் டூரண்டும் கையெழுத்திட்ட ஏழு பிரிவுகளில் கால வரம்பே கிடையாது. வஜீரிஸ்தானில் பிர்மல் பகுதி அமீருக்கு, தாவர் பகுதி பிரிட்டிஷாருக்கு. பிரிட்டிஷார் அமீருக்குத் தரும் ஆண்டு மானியம் 12 லட்சம் ரூபாயிலிருந்து 18 லட்சமாக உயர்வு. இப்படித்தான் இருக்கிறது அந்த ஒப்பந்தம். இந்த எல்லைக்கோட்டை ஆப்கன் அரசு 1949இல் நிராகரித்தது தனி விவகாரம்.

கட்டுரை தொடாமல் விட்டது, மக்கள் இந்த எல்லையைக் கடந்துபோகும் வழக்கத்தை. மொஹ்மந்த், ஷின்வாரி, வஜீர், அச்சக்சாய் என்று ஒரே பஷ்தூன் குலத்தார் இரு பக்கமும் இருப்பதால், கோடு போட்ட பிறகும் போக்குவரத்து நிற்கவில்லை. 1961இல் எல்லை மூடப்பட்டு, குளிர்காலத்தில் சிந்துச் சமவெளிக்கு மந்தை ஓட்டிவரும் பொவிந்தா நாடோடிகள் தடுக்கப்பட்டதுதான் முதல் பெரிய அடி. அப்படியும் 1988 ஜனவரியில், ஆப்கன் போர் நடந்துகொண்டிருந்தபோதே, எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கானின் உடலோடு பெஷாவரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கைபர் கணவாய் வழியே ஜலாலாபாத் சென்று அடக்கம் செய்ய முடிந்தது.

அந்த வழக்கத்தை உண்மையில் முறித்தவை கடந்த பத்தாண்டுகள். 2016 ஜூனில் கைபர் கணவாய்ப் பாதையிலுள்ள தோர்க்கம் எல்லை வாசலில் பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயமாயின. 2017இல் வேலி தொடங்கியது: இரண்டு வரிசைக் கம்பிவலை, நடுவே சுருள் முள்கம்பி. ஆனால் பலூசிஸ்தானின் எல்லை ஊரான சமனில் உள்ளூர்க்காரர்கள் அடையாள அட்டையைக் காட்டிப் போய்வந்தார்கள். காலையில் எதிர்ப்புறத்து ஆப்கன் ஊரான ஸ்பின் போல்டக் போய்ச் சரக்குச் சுமந்து மாலையில் வீடு திரும்பும் கூலிகளும், அங்கே கடை வைத்திருந்தவர்களும் அதில் அடக்கம். 2023 நவம்பர் முதல் அவர்களிடமும் பாஸ்போர்ட் கேட்கப்பட்டது. அன்றாடக் கூலிக்காரர் தினமும் போய்வர விசா வாங்குவது எப்படி நடக்கும்? அதனால்தான் சமன் மக்கள் மாதக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள்.

பயங்கரவாதிகள் நுழைகிறார்கள் என்ற பாகிஸ்தானின் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்காகக் கூலிக்காரர்களின் பிழைப்பைப் பறிக்க வேண்டியதில்லை. எல்லையோர மாவட்டத்தாருக்கு மட்டும், கைரேகைப் பதிவுடன், குறிப்பிட்ட வாசல் வழியே அன்றே திரும்பும் அனுமதிச் சீட்டு கொடுக்கலாம். கோடு யாருடையது என்ற வழக்கு தீரும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இதையும் உங்கள் இதழ் எழுத வேண்டும்.

– வாசகர், மதுரை